மூன்றாவது துளை

கான்ட்ராக்டர் நேரில் வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. கான்ட்ராக்டர் அப்போது சமையலறையில் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜோஸ்பின், கலர் சேலை வேணாம்," என்றார் மாமனார் ராயப்பராஜ், கூடத்திலிருந்து. "வெளிர் நிறமாக் கட்டு. வர்ற ஆபீசரும் பொம்பளைதான். பார்த்ததும் தெரியணும்."

என்ன தெரிய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

"அவ எதைக் கட்டினாலும் தெரியும்," என்றாள் மாமியார் இஞ்ஞாசியம்மாள். தேங்காய் துருவுவதை நிறுத்தாமல் சொன்னாள்.

பிரின்ஸ் பைபாஸில் லாரி மோதி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கான்ட்ராக்ட் பதிவு அவன் பெயரில் இருந்தது. அவன் போன பிறகு ஜோஸ்பின் பெயரில் புதிதாக எடுத்தார்கள். வேலையை ராயப்பராஜ் பார்த்தார். இளையவன் இனிகோ ஆட்களைப் பார்த்தான். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் ஜோஸ்பின் கையெழுத்துப் போட்டாள். மற்ற நேரம் நாகல் நகர் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். பிள்ளை இல்லாத தன்னை அந்த வீட்டில் இன்னும் வைத்திருப்பது அன்பா, பதிவா என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை.

போன வாரம் அந்தக் கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சூசைப்பட்டி கிழக்குத் தெரு சிமென்ட் ரோடு. இறுதி பில் பாஸாகும் முன் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி வந்து ரோட்டைத் துளைத்துப் பார்ப்பார். உருளையாக ஒரு துண்டை வெளியே எடுத்துக் கனம் அளப்பார். அதற்கு கோர் என்று பெயர். மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். கனம் குறைந்தால் பில் நிற்கும். பதிவு ரத்தாகும். ஜோஸ்பின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். இந்த ஒரு பதிவில்தான் வீடு ஓடியது.

இனிகோ வாசலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். கழுத்தில் வெள்ளிச் சிலுவை வெளியே தொங்கியது.

"மதினி, அவங்க என்ன கேட்டாலும் ஒரே பதில். மாமாவைக் கேளுங்க. அம்புட்டுதான்."

"கான்ட்ராக்டர் நான்னு போட்டிருக்கே."

"போட்டிருக்கும். நீங்க அந்த ரோட்டைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு என்ன தெரியும்?" சிரித்தான். "ஒண்ணும் தெரியாது. அதான் நமக்கு நல்லது."

"நீ வரலையா?"

"மெஷினுக்குத் தண்ணி வேணும்ல. அது கான்ட்ராக்டர் பொறுப்பு. டிராக்டர்ல டேங்க் கொண்டாரேன். நீங்க முன்னாடி போங்க."

ராயப்பராஜ் ஜீப்பை எடுத்தார். ஜீப் திண்டுக்கல்லைத் தாண்டியது. பூ மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் டெம்போக்கள் எதிரே வந்தன. காலி சாக்குகள் காற்றில் அடித்துக்கொண்டன. மழை இல்லாத வயல்கள்.

"தைரியமா இரு," என்றார் கடைசியில்.

"எதுக்கு மாமா?"

அவர் கியர் மாற்றினார்.

கிழக்குத் தெருவின் தொடக்கத்தில் ஒரு அரசு ஜீப்பும், மெஷின் ஏற்றிய சிறிய வேனும் நின்றன. ஒன்றியப் பொறியாளர் ஆனந்த்ராஜ் குடையில்லாமல் வெயிலில் நின்றார். பில்லுக்காக ரோட்டை அளந்து அளவுப் புத்தகத்தில் ஏற்றியவர் அவர்தான். அவருக்குப் பக்கத்தில், தலையில் துப்பட்டா போட்ட ஒரு பெண். நாற்பது இருக்கும்.

"கான்ட்ராக்டர் யாரு?"

ராயப்பராஜ் கைகூப்பி முன்னால் போனார். "வணக்கம்மா. நான்தான்..."

"உங்க பேரு ஜோஸ்பினா?"

மெஷின் ஓட்டும் காத்தமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"மருமகம்மா. இந்தா நிக்கிறா."

அந்தப் பெண்தான் தரக்கட்டுப்பாட்டு உதவி செயற்பொறியாளர் ஹுஸ்னா. பேகம்பூர்க்காரர். யாரிடமும் டீ வாங்கிக் குடிக்கமாட்டார் என்று இனிகோ இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் ஜோஸ்பினின் ஆதார் அட்டையை வாங்கி, முகத்தையும் படத்தையும் பார்த்தார்.

"இந்த ரோடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?"

ஜோஸ்பின் மாமனாரைப் பார்த்தாள்.

"அவரைப் பார்க்காதீங்க. அவருக்குத் தெரியும்னு எனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாது மேடம்."

"இந்த ஊருக்கு வந்ததே இல்லையா?"

"ரோடு போட்ட பிறகு வரல. முன்னாடி ஒரு தடவ கல்லறைக்கு வந்திருக்கேன்."

ஹுஸ்னா அவளுடைய சேலையைப் பார்த்தார். ஆதார் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குமேல் கேட்கவில்லை.

வேனில் கொண்டுவந்திருந்த டிரம்மிலிருந்து தண்ணீரை மெஷினுக்கு விட்டான் காத்தமுத்து. சத்தம் தெரு முழுவதும் நிறைந்தது. சாம்பல் நிறச் சேறு துளையைச் சுற்றி வழிந்தது. வாசல்களில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு நாய் எழுந்து அந்தப் பக்கம் போய்ப் படுத்தது.

முதல் துண்டு வெளியே வந்தது. ஹுஸ்னா ஸ்கேல் வைத்தார். பதினைந்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பதினைந்து இருந்தது.

"நான்தான் சொன்னேனே மேடம்," என்றார் ஆனந்த்ராஜ்.

"நீங்க எப்பவும் சொல்வீங்க."

அடுத்தது ரோட்டின் முடிவில். எல்லோரும் நடந்தார்கள். தெருவின் கடைசி வீட்டைத் தாண்டியும் சிமென்ட் ரோடு போனது. கருவேல முட்களுக்கு நடுவில் வளைந்து, கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவில் முட்டி நின்றது.

ஹுஸ்னா கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்தார். "எஸ்டிமேட்ல கடைசி வீட்டோட முடியுது. இது என்ன?"

ஆனந்த்ராஜ் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"அது நான் சொந்தமாப் போட்டதும்மா," என்றார் ராயப்பராஜ். "இதுக்கு பில்லு போடல. போடவும் மாட்டேன்."

"எதுக்குப் போட்டீங்க?"

அவர் கதவைப் பார்த்தார். ஜோஸ்பின் தன் மாமனாரின் முகத்தை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

"எங்க குடும்பக் கல்லறை இதுதான். எம் மூத்தவன் உள்ள இருக்கான். அடக்கம் பண்ண அன்னைக்கு மழை. இது அப்ப மண்ரோடு. முழங்கால் வரைக்கும் சேறு. தூக்கிட்டு வந்தவங்க வழுக்கிட்டாங்க. பெட்டி விழுந்துருச்சு." நிறுத்தினார். "மூடி தொறந்துக்கிச்சும்மா."

அவர் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தெரு வேலை டெண்டர்ல வந்தப்ப எனக்கு வேற ஒண்ணும் தோணல. கதவு வரைக்கும் கொண்டாந்துட்டேன். இனி யாரு பெட்டியும் விழாது."

ஹுஸ்னா வரைபடத்தை மடித்தார். "ரெண்டாவதை இங்கயே எடுத்துப் பார்ப்போம்," என்றார். குரல் தணிந்திருந்தது.

கதவுக்கு முன்னால் துளைத்தார்கள். மெஷின் திணறியது. டிரம்மில் இருந்த தண்ணீர் முழுவதும் அந்த ஒரு துளைக்கே செலவானது. வெளியே வந்த துண்டு முதல் துண்டைவிட நீளம். ஜல்லி நெருக்கமாக இறுகிக் கிடந்தது.

"இரும்பு மேடம்," என்றான் காத்தமுத்து. "இந்த ஜில்லாவுல இப்பிடி ஒண்ணு நான் எடுத்ததில்ல."

ஜோஸ்பின் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். சிமென்ட் சுட்டது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் பிரின்ஸ் பெயரை மாமனார் எடுத்ததில்லை. படத்துக்கு மாலை மாற்றுவது கூட மாமியார்தான். அவருக்கு எல்லாம் கணக்குதான் என்று அவள் நினைத்திருந்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

"மாமா," என்றாள்.

"ம்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"என்னத்தச் சொல்ல," என்றார் அவர்.

மூன்றாவது துளை தெருவின் நடுவில். மெஷினைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். டிரம் காலி. இனிகோவின் டேங்க் வரவில்லை.

ராயப்பராஜ் போனை எடுத்தார். "எங்கடா இருக்கே?" கேட்டுவிட்டு வைத்தார். "டிராக்டர் டயர் பஞ்சராம்மா. செத்த நேரத்துல வந்துருவான்."

வெயில் ஏறியது. ஹுஸ்னா ஜீப்பில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்தார். அவருக்கு வேடசந்தூர்ப் பக்கம் இன்னொரு ஆய்வு இருந்தது. ஜோஸ்பின் நிழல் தேடி எதிர்வீட்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். அங்கே ஒரு பெண் முறத்தில் கனகாம்பரத்தைக் குவித்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அய்ம்பது வயது இருக்கும். விரல்கள் நாரை விட்டு விலகவில்லை.

"உக்காரு தாயி. ஆபீசா?"

ஜோஸ்பின் பதில் சொல்லவில்லை. உட்கார்ந்தாள்.

"ஜக்கம்மா வீடுன்னா எல்லாருக்கும் தெரியும். வெயில்ல நிக்கிறவங்க அம்புட்டுப் பேரும் இங்கதான் வருவாங்க." உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். "குடி. உப்பு பத்தலைன்னா சொல்லு."

மோரைக் குடித்தாள். "ரோடு நல்லா இருக்கா?" என்று கேட்டாள். ஏதாவது பேச வேண்டும் என்றுதான் கேட்டாள்.

ஜக்கம்மாள் முதல்முறையாகக் கையை நிறுத்தினாள்.

"இத ஆபீஸ்காரங்க யாரும் எங்கிட்டக் கேட்டதே இல்ல. அந்தா நிக்கிறாரே ஒல்லியா, பொறியாளரு, அவரு ஜீப்ப விட்டு எறங்குனதே இன்னைக்குத்தான்."

"சொல்லுங்க."

"ஓரத்துல பலகை அடிச்சாய்ங்க. அந்த உசரம் சரிதான். ஓரமா நின்னு பார்த்தா உனக்குக் குத்தமே தெரியாது. நடுவுல மண்ணக் கொட்டி மேடு கட்டிட்டாய்ங்க. அதுக்கு மேல இம்புட்டுக் கலவை." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். விரிந்தது கொஞ்சம்தான். "எங்க வாசல்லேருந்து அந்தக் கடைசி வீடு வரைக்கும் அப்பிடித்தான்."

"மிச்சக் கலவை?"

ஜக்கம்மாள் முகவாயால் கல்லறைப் பக்கம் காட்டினாள். "அம்புட்டும் அங்க. செத்தவங்களுக்கு மெத்தை மாதிரி போட்டாரு. நாங்க இன்னும் சாகலைல்ல, அதான்." சிரித்தாள்.

ஜோஸ்பின் சொம்பைக் கீழே வைத்தாள்.

"நீங்க கேக்கலையா?"

"எங்க வீட்டுக்காரரு போய்க் கேட்டாரு. அந்தப் பெரியவரு இருக்காருல்ல, அவருதான் கான்ட்ராக்டரு. 'உள்ள எம் மகன் கெடக்கான்'னாரு. இவரு வாய மூடிக்கிட்டு வந்துட்டாரு."

"ஏன்?"

"ஏன்னா கேக்குற? அன்னைக்கு அந்தப் பெட்டி சேத்துல விழுந்தப்ப ஓடிப்போயித் தூக்குனதே இவரும் எங் கொழுந்தனும்தான். அவங்க ஆளுக எல்லாம் அழுதுக்கிட்டு நிக்கிறாங்க. இவரு வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு எறங்கி, மூடிய வச்சு அமுக்கி, தோள்ல தூக்கிட்டுப் போனாரு. ராத்திரி சோறு எறங்கல அவருக்கு. அந்தப் புள்ள பேரச் சொன்னா எப்பிடி எதுத்துப் பேசுவாரு?"

ஜோஸ்பினுக்கு அந்த நாள் ஒரு கால்தான். மூடி திறந்து, வெள்ளைச் சாக்ஸ் போட்ட ஒரு கால் மழையில் நனைந்தது. பிறகு பல கைகள். யாருடைய கைகள் என்று அவள் பார்க்கவில்லை.

"போன மாசம் பூ டெம்போ வந்துச்சு," என்றாள் ஜக்கம்மாள். "இந்தா, வாசலுக்கு நேரா கீறல் விட்டுருச்சு. நேத்துச் சாயங்காலம் ஒரு பையன் வந்து சிமென்ட் பால் பூசிட்டுப் போனான். கழுத்துல வெள்ளிச் சிலுவை. என்னப்பான்னேன். அழகுக்குன்னான்."

ரோட்டில் ஆனந்த்ராஜ் கை தட்டிக் கூப்பிட்டார். ஜோஸ்பின் எழுந்து போனாள்.

"மேடம் பெரிய மனசு பண்றாங்க," என்றார் ஆனந்த்ராஜ். கையில் ஒரு தாள். "ரெண்டும் பாஸ். தண்ணி இல்லாததால மூணாவது எடுக்க முடியலைன்னு நீங்க எழுதிக் குடுத்தா ரெண்டோட முடிச்சிக்கலாம். நானே எழுதிட்டேன். கையெழுத்து மட்டும்."

கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி இருந்தது.

ஹுஸ்னா ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். "விதி மூணுதான். ஆனா தண்ணி இல்லாம ஓட்டினா மெஷின் கத்தி போயிரும். நான் இன்னொரு நாள் வரணும்னா அடுத்த மாசம் ஆயிரும். உங்க பில்லும் அதுவரைக்கும் நிக்கும்." கல்லறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "சொந்தக் காசுல அம்புட்டு நல்லாப் போட்டவங்க, நடுவுல விட்டிருக்க மாட்டாங்க."

ராயப்பராஜ் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மருமகளிடம் நீட்டினார். "போட்டுரும்மா."

பேனாவை வாங்கினாள். தாளை ஜீப்பின் மூக்கில் வைத்தாள். ஒரு கையெழுத்து. பில் பாஸாகும். பதிவு நிற்கும். இன்று இரவு வீட்டில் சத்தமாகப் பேசுவார்கள். இஞ்ஞாசியம்மாள் கறி எடுக்கச் சொல்லுவாள். நாளைக்கு மூன்றாம் வகுப்பு.

"தண்ணி வந்தா எடுப்பீங்களா மேடம்?"

"வந்தா எடுத்துத்தான் ஆகணும்."

"செத்த நேரம் இருங்க."

வேப்பமரத்தடிக்குப் போனாள். "ரெண்டு குடம் தண்ணி வேணும்."

"குடிக்கவா?"

"மெஷினுக்கு. உங்க வாசல்ல துளைக்கிறதுக்கு."

ஜக்கம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "நல்ல தண்ணி தாயி. குழாய்ல எப்ப வருதோ அப்பத்தான் பிடிக்கணும்." யோசித்தாள். முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "வா. ஒண்ண நீ தூக்கு, ஒண்ண நான் தூக்குறேன்."

குடத்தை இடுப்பில் வைத்து ஜோஸ்பின் முதலில் ரோட்டுக்கு வந்தாள். ஜக்கம்மாள் இரண்டாவது குடத்தை எடுக்க இன்னும் உள்ளே இருந்தாள். வெளிர்ச் சேலை ஒரு பக்கம் நனைந்து உடம்போடு ஒட்டியது.

ராயப்பராஜ் எதிரே வந்து குடத்தின் வாயைப் பிடித்தார்.

"கீழ வை." உதடு அசையாமல் சொன்னார்.

"மெஷினுக்குத் தண்ணி கான்ட்ராக்டர்தான மாமா குடுக்கணும்? இனிகோ காலைல சொன்னான்."

"ஜோஸ்பின். நம்ம வீடு."

"தெரியும் மாமா."

"உன் பேருதான் போகும்."

"அதுவும் தெரியும்."

அவர் கையை எடுத்தார். குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி அவர் செருப்பில் விழுந்தது.

காத்தமுத்து மெஷினை எங்கே வைப்பது என்று கேட்டான். ஜோஸ்பின், சிமென்ட் பால் பூசிய இடத்துக்குப் பக்கத்தில், ரோட்டின் நட்டநடுவில் போய் நின்றாள்.

"இடத்தை நான் சொல்லணும்," என்றார் ஹுஸ்னா. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, பூசிய தடத்தை விரலால் தேய்த்தார். விரல் வெள்ளையானது. "சரி. இங்கயே வை."

சத்தம் ஆரம்பித்தது. சாம்பல் சேறு வந்தது. சீக்கிரமே சத்தம் மாறியது. சேறு சிவந்தது.

காத்தமுத்து மெஷினை நிறுத்தினான். யாரையும் பார்க்காமல் துண்டை வெளியே எடுத்தான். கையளவு கூட இல்லை. அடியில் மண் ஒட்டியிருந்தது. அதைத் தட்டியபோது ஓரம் உதிர்ந்தது. ஹுஸ்னா ஸ்கேல் வைத்தார். ஏழு.

ஆனந்த்ராஜ் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் சொன்னேன்ல!" ஜக்கம்மாள் குடத்தைத் தூக்கிப் பிடித்தபடி கத்தினாள். "நான் சொன்னேன்ல மேடம்!"

அவள் ஜோஸ்பினைப் பார்த்துச் சொன்னாள்.

"அவங்க மேடம் இல்லம்மா," என்றார் ஹுஸ்னா, எழுதிக்கொண்டே. "அவங்கதான் கான்ட்ராக்டர்."

ஜக்கம்மாளின் முகம் மெதுவாக மாறியது. ஜோஸ்பினின் சேலையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். தூரத்தில் நிற்கும் பெரியவரைப் பார்த்தாள்.

"நீ அந்தப் புள்ளையோட பொண்டாட்டியா?"

"ஆமா."

"எம் மரத்தடியில உக்காந்து, எம் மோரக் குடிச்சிட்டு, எங்கிட்டயே எம் ரோடு எப்பிடி இருக்குன்னு கேட்டியே."

"எனக்குத் தெரியாதும்மா."

"உம் பேருல போட்ட ரோடு. உனக்குத் தெரியாதா?"

ஜக்கம்மாள் ஜோஸ்பினின் காலடியில் இருந்த குடத்தையும் எடுத்துக்கொண்டாள். மிச்சமிருந்த தண்ணீரை வேப்பமரத்தின் வேரில் ஊற்றினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கனகாம்பரம் முறத்தில் அப்படியே கிடந்தது.

அப்போது டிராக்டர் சத்தம் கேட்டது. டேங்க் தளும்பத் தளும்ப இனிகோ வந்து இறங்கினான். நான்கு டயரும் நன்றாக இருந்தன. ரோட்டின் நடுவில் இருந்த துளையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

ஹுஸ்னா புதிய தாள் எடுத்தார். "கலவை போட்ட அன்னைக்கு இங்க நின்னு வேலை வாங்கினது யாரு?"

காற்று இல்லை. டேங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மதினிதான் மேடம்," என்றான் இனிகோ. "பதிவு அவங்க பேருல. அவங்க சொல்றபடிதான் நாங்க செய்வோம்."

ஜோஸ்பின் திரும்பினாள். இனிகோவைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றாள். அவர் கல்லறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதட்டுமா?" என்றார் ஹுஸ்னா.

"இல்ல மேடம்." ஜோஸ்பின் ஹுஸ்னாவிடம் திரும்பினாள். "இங்க நின்னது எங்க மாமா. ராயப்பராஜ். கீறலைப் பூசினது இனிகோ. கையெழுத்து எல்லாம் என்னது. பார்க்காமப் போட்டேன். அதையும் எழுதிக்கங்க."

ஹுஸ்னா எழுதினார். நிதானமாக, அடித்தல் இல்லாமல்.

"அவங்களை விசாரிக்கத்தான் செய்வாங்க. பொறியாளரையும்தான். ஆனா நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும்."

"வரட்டும் மேடம்."

"யாராவது வக்கீல் இருக்காங்களா?"

"இல்ல."

ஹுஸ்னா துண்டுகள் மூன்றையும் பையில் போட்டுக் கட்டி, கட்டின் மேல் கையெழுத்துப் போட்டார். அரசு ஜீப்பும் வேனும் கிளம்பின. ஆனந்த்ராஜ் அவர்களோடு ஏறவில்லை. தனியாக நடந்தார்.

ராயப்பராஜ் தன் ஜீப்புக்குப் போகும் வழியில் நின்றார்.

"அவன் ஒருத்தனுக்காகத்தான் செஞ்சேன்."

"அவரத் தூக்கிவிட்டவங்க வாசல்லேருந்து எடுத்தா மாமா?"

அவர் முகத்தில் ஏதோ தடுமாறியது. அவருக்கு அது தெரியுமா, தெரியாதா என்று ஜோஸ்பினால் சொல்ல முடியவில்லை. அவர் ஏறிக்கொண்டார். பக்கத்துக் கதவைத் திறக்கவில்லை.

"மெயின் ரோட்டுல பஸ் வரும்," என்றான் இனிகோ. டேங்கின் வால்வைத் திறந்துவிட்டான். தண்ணீர் முழுவதும் தெருவில் ஓடியது. துளையில் நிரம்பி, மேலே வழிந்தது.

மெயின் ரோட்டில் நிழற்குடை இல்லை. ஒரு மைல்கல் இருந்தது. அதன்மேல் உட்காராமல் பக்கத்தில் நின்றாள். சேலை காய்ந்து சாம்பல் கறை மட்டும் இருந்தது. போன் அடித்தது. அத்தை.

"சாப்டியாம்மா?" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

"இல்ல அத்தை."

"இனிகோ பேசினான்."

"ம்."

"உன் சேலையெல்லாம் மடிச்சு வச்சிருக்கேன். ரெண்டு பைதான் வந்துச்சு. பிரின்ஸ் எடுத்துக்குடுத்த பட்டு தனியா இருக்கு." குரலில் கோபம் இல்லை. காய்கறி வாங்கிவரச் சொல்லும் குரல். "வத்தலக்குண்டு பஸ்ஸும் அங்கதான நிக்கும்? உங்க அம்மாவுக்கு நான் போன் பண்ணிச் சொல்லவா?"

தூரத்தில் ஒரு பஸ் வந்தது. எந்த ஊருக்கு என்று இன்னும் தெரியவில்லை.

"வேணாம் அத்தை. நான் வீட்டுக்கு வாரேன்."

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்கு. நோட்டீஸ் அந்த விலாசத்துக்குத்தான் வரும். வாங்கிக் கையெழுத்துப் போட நான் அங்க இருக்கணும்."

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. ஒன்று. இன்னொன்று. இஞ்ஞாசியம்மாள் அடுப்பை அணைக்கப் போகவில்லை. போனையும் வைக்கவில்லை.

பஸ் பக்கத்தில் வந்தது. திண்டுக்கல். ஜோஸ்பின் கையைக் காட்டினாள்.